திரையைப் பார்க்காதவர்

என் வீடியோ ஸ்டுடியோ கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவே அடிக்கடி உறைந்து நின்றது. ராமநாதபுரத்தில் அதைப் பழுதுபார்த்தவர் ஒல்லியான மனிதர். சுவிட்சைப் போட்டதும் திரையைப் பார்க்காமல், கொண்டுவந்தவர் முகத்தையே பார்ப்பார். வீடியோக்களைச் சேமித்திருந்த எஸ்எஸ்டியைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். அதுவும் உறைந்தது.

“இதுலதாண்ணே கோளாறு. எந்நேரமும் போயிரும். மொதல்ல எதக் காப்பி பண்ணட்டும்?”

இறந்துபோன என் மனைவியின் குரல் இருந்த ஒரே வீடியோ அதில்தான் கிடந்தது. ஆனால் வாடிக்கையாளரான ஒரு பெண்வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோவைச் சொன்னேன். அது முழுதாக வந்தது. அத்தோடு எஸ்எஸ்டி அடங்கிவிட்டது.

“வேற ஒண்ணும் இல்லையேண்ணே?”

“இல்லப்பா.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடங்கிப்போன எஸ்எஸ்டியை மறுபடி தன் கம்ப்யூட்டரில் மாட்டினார்.