அரை டம்ளர் தேநீர்

அந்த மீன்பிடிப் படகில் சமையல்காரரை எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். படகின் சொந்தக்காரர் அவருடைய மருமகன், ஓட்டுகிறவரும் அவரே. அவர் வாய் நிறைய மாமா என்று அழைக்கப் போய், மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தன்னைவிட மூத்த எஞ்சின்காரர்கூட அப்படிக் கூப்பிடுவதுதான் மாமாவுக்குக் கொஞ்சம் உறுத்தும்.

முழங்கால் கெட்ட பிறகு வலை இழுப்பதை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவர் மாமா. அடுப்படி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆள் உள்ளே நின்றால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். சுற்றிலும் கம்பி கட்டிய கேஸ் அடுப்பு, கொக்கியில் தொங்கும் டம்ளர்கள், சட்டி நகராமலிருக்க விரித்த ஈரச் சாக்கு, அவ்வளவுதான். அங்கே அவர் வைத்திருந்தது ஒரே சட்டம்: டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. படகு வெடுக் வெடுக்கென்று ஆடும். அதற்கு மேல் ஊற்றியதெல்லாம் கையைச் சுடும். கஞ்சமாமா என்று ஆட்கள் கிண்டல் செய்தால், "நிறைய வேணும்னா கரையில போய்க் குடிங்க" என்பார்.

தண்ணீர்தான் அவருக்குத் தொல்லை. கேன்கள் படகின் கீழறையில் இருந்தன. ஏணியில் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வருவதற்குள் முழங்கால் உயிரை வாங்கிவிடும். ஒருநாள் மகளிடம் புலம்பிவிட்டார். மகள் அதைப் புருஷன் காதில் போட்டாள். அடுத்த பயணத்துக்குள் ஸ்டியரிங் அறையின் கூரைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஏறிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே குழாய், திருகினால் தண்ணீர்.

"இனிமே நீங்க ஏணிப் பக்கமே போகக் கூடாது மாமா" என்றார் மாப்பிள்ளை. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகன் இருந்திருந்தால்கூட இதைச் செய்திருப்பானா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதோடு இன்னொரு அதிசயமும் நடந்தது. படகின் வெடுக்கு போய்விட்டது. மெல்லச் சாய்ந்தது, மெல்ல நிமிர்ந்தது. "இப்பதான் ஊஞ்சல்ல படுத்த மாதிரி இருக்கு" என்று எஞ்சின்காரர் மெச்சினார். மாமா முதல் தடவையாக டம்ளரை விளிம்புவரை ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

தேநீர் சிந்தவில்லையே என்று கவலைப்பட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மாமா கவலைப்பட்டார். பழகிப்போன அவர் கை எதிர்பார்க்கும் நேரத்தில் படகு நிமிரவில்லை. சாய்ந்த பக்கமே சற்று நின்று, வரலாமா வேண்டாமா என்று யோசித்தது. தலைக்கு மேலே தொட்டித் தண்ணீரும் அதே பக்கம் ஓடிப்போய் உட்காரும் சத்தம் கேட்டது. தெம்புள்ள படகுதான் வெடுக்கென்று எழும்; தலையில் பாரம் ஏறிய இது சோகை பிடித்தாற்போல எழுந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஆசை ஆசையாய் வைத்துக் கொடுத்ததைக் குறை சொன்னால் மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். அப்புறம் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? வாயை மூடிக்கொண்டே போய்வந்தார்.

பிறகு ஒரு பயணத்தில் கடல் மீனை அள்ளிக் கொடுத்தது. ஐஸ் அறை நிரம்பி, மிச்சக் கூடைகள் மேல்தளத்தில் குவிந்தன. திரும்பும் வழியில் பக்கவாட்டிலிருந்து காற்று பிடித்தது. ஒரு பெரிய அலைக்குப் படகு சாய்ந்தது. கூடைகள் சரிந்தன. பாதி காலியாயிருந்த தொட்டியில் தண்ணீர் திமுதிமுவென்று ஒரே பக்கம் ஓடியது. தளத்தின் ஓரம் கடலுக்குள் போனது. படகு அப்படியே கிடந்தது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல் எழுந்தது.

மாமா யாரையும் கேட்கவில்லை. மீன் வெட்டும் கத்தியை எடுத்து, கூரையிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயை ஒரே அறுப்பாக அறுத்தார்.

"குடிக்கிற தண்ணிய என்ன பண்றீங்க?" என்று எஞ்சின்காரர் பாய்ந்து வந்தார்.

மாப்பிள்ளை சக்கரத்தை விடாமல் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார். "மாமா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? கரை இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு தெரியுமா?"

"நாக்கு வறண்டா செத்துட மாட்டோம் மாப்பிள்ளை. கூடையெல்லாம் நடுவுல இழுத்துக் கட்டச் சொல்லுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

மாப்பிள்ளை சொன்னார், ஆட்கள் கட்டினார்கள். குடிதண்ணீர் முழுவதும் தளத்தில் வழிந்து கடலுக்குப் போனது. அதன்பின் வந்த அலை ஒன்றும் சின்னதில்லை. படகு சாய்ந்தது, வெடுக்கென்று நிமிர்ந்தது. அடுப்படியில் சட்டி உருண்டது. டம்ளர்கள் அத்தனையும் தரையில் விழுந்தன. படகுக்குத் தெம்பு திரும்பிவிட்டதென்று மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். அந்த வெடுக்கு மாப்பிள்ளையின் உள்ளங்காலுக்கும் தெரிந்தது. கரை வரும்வரை அவர் யாரையும் திட்டவில்லை.

கரை சேர்ந்ததும் கூரையிலிருந்து தொட்டி இறங்கிவிட்டது. மகள் ஏன் என்று கேட்டபோது, "அந்தச் சத்தத்துல தூக்கமே வரலம்மா" என்று மாமா சமாளிக்கப் பார்த்தார். மாப்பிள்ளை குறுக்கிட்டார். "அதில்ல. அது எங்களைக் கவுத்திருக்கும். உங்கப்பாதான் காப்பாத்துனாரு."

அடுத்த பயணத்தில் மாமா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு ஏணிக்குப் போகக் கிளம்பினார். கேன்கள் ஏற்கெனவே மேலே வந்து, அடுப்பின் காலோடு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. மாப்பிள்ளையின் முடிச்சு எது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

தேநீர் போட்டு ஸ்டியரிங் அறைக்கு எடுத்துப் போனார். படகு வெடுக்கென்று ஆட, தேநீர் சிந்தி அவர் விரலைச் சுட்டது.

"கொஞ்சந்தான் இருக்கு மாப்பிள்ளை."

மாப்பிள்ளை கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார்.

"அரை டம்ளரே இருக்கட்டும் மாமா. எப்பவும்."