பெரிய பிஸ்தாவா நீ?

மழை விட்ட மறுநாள் அடையாற்றிலிருந்து எழும் சேற்று வாசம் கரையோரத்தில் இருந்த எங்கள் குடிசைக்குள் நுழைந்து, காயப்போட்ட துணிகளில்கூட ஏறிக்கொள்ளும். அது வந்தாலே எனக்குப் பயம், ஏனென்றால் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் அப்போது "பிஸ்தா" என்றொரு சொல் புழங்கியது. பிஸ்தாப் பருப்பை நாங்கள் யாரும் தின்றதில்லை. மிட்டாய்க்கடைக் கண்ணாடிக்குள் பால்கோவாவின்மேல் பச்சையாகத் தூவியிருப்பதைப் பார்த்ததோடு சரி. அவ்வளவு உசத்தியான பெயரை யாருக்கும் பாராட்டாகக் கொடுத்ததில்லை. "பெரிய பிஸ்தாவா நீ?" என்று கேள்வியாகத்தான் வரும். தண்ணீர் லாரி வரிசையில் முந்துகிறவளையும் கேட்பார்கள், புதுச்சட்டை போட்டவனையும் கேட்பார்கள். ஆமாம் என்றால் அடி விழும். இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. "அந்த வார்த்த காதுல விழுந்தா நிக்காதடா, வந்துக்கினே இரு" என்று அம்மா அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்படியொரு நாள் நானும் அவர்கள் பின்னாலேயே கரைக்குப் போனேன். ஆறு பழுப்பாகச் சுழித்து ஓடியது. நடுவிலிருந்த மண்திட்டு வரை நீந்திக் காட்டுவதாக அண்ணன் முதல்நாள் வாய்விட்டிருந்தான். கூட்டாளிகளில் மூத்தவனான சேகர் அதை மறக்கவில்லை.

"இன்னா மச்சி, நேத்து அவ்ளோ பேசுன? பெரிய பிஸ்தாவா நீ?"

அண்ணன் இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கத்திக் கூப்பிட நினைத்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் குரல் எழும்பவில்லை. வேரோடு மிதந்து வந்த மரமொன்று அவனை உரசிக்கொண்டு போனது. அவன் நின்றான், பிறகு மெதுவாகக் கரைப்பக்கம் திரும்பினான்.

"தோ வந்துட்டாருப்பா பிஸ்தா! அவ்ளோதானா நைனா?" என்றான் சேகர்.

கரையேறிய அண்ணன், "இல்லடா, நான் பிஸ்தா இல்ல. தண்ணி இழுக்குது. வேணும்னா நீ போ" என்றான்.

சேகர் போகவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.

அந்தக் குடிசைகள் இப்போது இல்லை. எங்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். பிஸ்தாவா என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. என் மகனின் கூட்டாளிகளுக்கு "கெத்து" என்பதுதான் சொல். அதில் கிண்டலே இல்லை, "நான் கெத்து இல்ல" என்று யாரும் திரும்பி வந்துவிடப் போவதுமில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் அதிகப் பயம். கீழே பைக்கை முறுக்கிக்கொண்டு "வா மச்சி, கெத்து காட்டு" என்று அவனைக் கூப்பிடுகிறார்கள். நான் மாடியிலிருந்து, அக்கம்பக்கம் பார்க்காமல், "டேய், மெதுவா போடா!" என்று கத்துகிறேன். வண்டிச் சத்தத்தில் அது அவன் காதில் விழுந்ததா என்று தெரிவதில்லை.