பின்சீட்டிலிருந்து மயிலைத் திருப்பியவர்

கண்டனூரில் அரசப்பன் ஆசாரியின் பித்தளை வேலை இல்லாத பெரிய வீடே கிடையாது. அந்த வீடுகளில் ஒன்றிலாவது அவர் உட்கார்ந்ததும் கிடையாது. வேலை முடிந்தால் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அவருக்கும் முழங்கால் வலிக்கும் என்று எந்தச் சாஸ்திரமும் எழுதி வைக்கவில்லை. 1928இல் தண்டாயுதபாணி செட்டியார் வீட்டுக்குச் சீமைக் கார் வந்தது. அதன் பின்சீட்டில் ஒருமுறையாவது உட்கார்ந்துவிடுவது என்று ஆசாரி முடிவு கட்டினார்.

காரின் மூக்கில், தண்ணீர் ஊற்றும் மூடிமேல், துணி போதாத ஒரு வெள்ளைக்காரப் பொம்மை நின்றது. செட்டியார் ரங்கூனில் இருந்ததால் வீட்டில் அழகம்மாள் ஆச்சியின் ஆட்சி. பொம்மையைக் கழற்றிவிட்டு, முருகனின் மயிலை வார்த்து வைக்கச் சொன்னார்.

மயில் ஏறியதும் ஆச்சி அலறினார். “என்னப்பா ஆசாரி, சாமி மயில் எனக்கு முதுகைக் காட்டுது?”

ஆசாரி திருப்பி வைத்தார். மறுநாளே பங்காளி வீட்டில் கேட்டுவிட்டார்கள்: “ஊருக்கெல்லாம் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு வாரீகளே ஆச்சி!”

ஆசாரி மயிலின் காலடியில் ஒரு சின்ன உருளையைப் பொருத்தினார். அதில் கயிறு சுற்றி, பானெட் ஓரமாகப் பின்சீட்டு வரை கொண்டுவந்தார். இழுத்தால் மயில் ஊரைப் பார்க்கும். விட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் அதை ஆச்சி பக்கம் திருப்பிவிடும்.

“டிரைவர் சோமு இழுக்கட்டும்” என்றார் ஆச்சி.

“அவனுக்கு ஒரு கை ஸ்டியரிங்ல, ஒரு கை ஹாரன்ல. மூணாவது கையை நான் வார்க்கலையே ஆச்சி.”

“நீ முன்சீட்டுல இருந்து இழு.”

“அங்குட்டு இருந்து இழுத்தா கயிறு கோணிக்கிரும். மயில் மாடு மேயுறதைப் பாத்துக்கிட்டு நிக்கும்.” இது சுத்தப் பொய். “நீங்களே இழுங்களேன்.”

“சாமி மயிலை என் கையால அங்குட்டுத் திருப்பவா? பாவம்ல!”

“அப்ப அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும்.”

பாவத்துக்கு ஆள் கிடைத்ததும் பின்சீட்டுத் தீட்டு பறந்துவிட்டது.

இளையாத்தங்குடிக் கோயிலுக்குப் போன அன்று ஆசாரி தோல் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆச்சி நடுவே பூக்கூடையை வேலியாக வைத்துக்கொண்டு, கதவோடு ஒட்டிக்கொண்டார். வழியில் ஒரு கிழவர் ஆசாரியைப் பார்த்துக் குனிந்து, “கும்பிடுறேன் செட்டியாரய்யா” என்றார்.

ஆசாரி கயிற்றை இழுத்து, மறு கையை உயர்த்தி, “நல்லா இருங்க” என்றார்.

“நீ எப்பப்பா செட்டியாரான?” என்று சீறினார் ஆச்சி.

“நானா சொன்னேன்? சீட்டைப் பாத்துக் கும்பிடுறாரு. இந்தா, எதுக்க உங்க பங்காளி வீட்டு வண்டி வருது. திருப்பவா, இறங்கிக்கிரவா?”

“திருப்பித் தொலை!”

ஆசாரி முதலில் காலை நன்றாக நீட்டிக்கொண்டார். அப்புறம் இழுத்தார்.