விசில் மேடை ஏறிய டிசம்பர்

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதச் சொன்னால் நான் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டிவரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு மேசை, ஒரு கரி இஸ்திரிப் பெட்டி என்று ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு இந்த ஊரில் எந்த ஓட்டலில் நீங்கள் படுத்தாலும் உங்கள் கன்னத்தில் படுகிற தலையணை உறை என் லாண்டரியில் வெளுத்தது. அது இருக்கட்டும். என் பெருமையைப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. என் பிரஸ் மெஷினில் நிற்கிற ஒருத்தியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. இருந்தாலும் என்னளவுக்கு எழுத மாட்டார்கள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பேருக்கு வேலை கிடையாது. எங்களுக்கு அவள் விசில்.

இடுப்பில் கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்தாள். லாரி ஓட்டின புருஷன், லாரியை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அழ வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "பிள்ளையை எங்கேம்மா விடுவ?" என்று கேட்டேன். போர்வை ஏற்றுகிற தள்ளுவண்டியைக் காட்டி, "இது சும்மாதானேண்ணே நிக்குது" என்றாள். அந்த வண்டிக்குள், சூடு ஆறாத துண்டுகளுக்கு நடுவே, அவள் மகள் வளர்ந்தாள்.

பிரஸ் ரூமில் ஸ்டீம் சீறும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. மெஷின் ஒரு மூலை, ஸ்டீமைத் திறந்து மூடுகிற வால்வும் பாய்லர்காரரும் இன்னொரு மூலை. அவள் வந்த புதிதில் ஒருத்தர் கை மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது. "மூடு, மூடு" என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம். பாய்லர்காரருக்கு எங்கள் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. ஏதோ பாடுகிறோம் என்று நினைத்து அவரும் தலையை ஆட்டுகிறார். இவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒன்று விட்டாள் பாருங்கள், அந்த மனிதர் கை தானாக வால்வுக்குப் போனது. கை பிழைத்தது.

மேஸ்திரிக்கு மட்டும் பொறுக்கவில்லை. "பொம்பளை விசிலடிக்கிற இடமா இது?"

"கை வேகுற இடம்" என்றாள் இவள்.

அதன் அருமை எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அதனால்தான் நான் முதலாளி, அவர் கடைசிவரை மேஸ்திரி. மறுநாளே சட்டம் போட்டேன். ஒரு நீள விசில் என்றால் ஸ்டீமைத் திற. இரண்டு குட்டை என்றால் குறை. நடுங்கிக்கொண்டே நீளமாக வந்தால் ஆபத்து, உடனே மூடு. காதில் வாங்கியவர்கள் எல்லோரும் அதையே திருப்பி அடிக்க வேண்டும், அப்போதுதான் விழுந்தது என்று அர்த்தம். விசில் வராதவர்களுக்கு அவளே வாயைத் திறக்கச் சொல்லி நாக்கை மடிக்கப் பழக்கினாள்.

அது வேலை விசில். அவளிடம் வேறொரு விசிலும் உண்டு. விரல் வைக்காமல், உதட்டைக் குவித்து, பாட்டாக வரும். ஸ்டீமைக் குறைத்து மெஷின் மெதுவாக ஓடுகிற நேரத்தில் அடிப்பாள். டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் பாட்டு. குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி ஒரு பாட்டு இருக்கிறது, அதை அவள் அடிக்கும்போது என் கணக்குப்பிள்ளை கூட்டலைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ கச்சேரி கேட்டவன். எனக்குத் தெரியாதா எது சங்கீதம் என்று.

போன டிசம்பரில் சர்ச் ஹாலில் நடக்கிற கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு, விருப்பம் இருக்கிற யாரும் பேர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இவள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்னம்மா திடீர்னு?" என்றேன்.

"இத்தனை வருஷமா சட்டைக்கும் போர்வைக்கும்தான் அடிச்சுக் காட்டியிருக்கேன். ஒரு தடவையாவது மனுஷங்களுக்கு அடிக்கணும்ணே."

அங்கேதான் சிக்கல். அந்தக் கச்சேரியை நடத்துகிற அம்மாதான் அவளுக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற இவள் மகள், கச்சேரியில் கீபோர்டு வாசிக்கிற அவர் பையனை விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, கல்யாணத்துக்குத் தேதியும் குறித்தாயிற்று. "அம்மா லாண்டரியில இருக்காங்க" என்று மட்டும் மகள் அங்கே சொல்லியிருந்தாள். விசில் விஷயத்தை மூச்சுவிடவில்லை. பேர் வந்ததைப் பார்த்த சம்பந்தியம்மா, பாவம், ஏதோ பாட்டுப் பாடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓட்டல்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதற்குள் பாய்லரைத் திறந்து கழுவ ஒரு நாள் வேண்டும். அந்த நாளில் எல்லோரையும் மத்தியானக் காட்சிக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். எந்த முதலாளி செய்கிறான் சொல்லுங்கள். இந்த முறை மகளும் வந்தாள், மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு. அவர்களுக்கு நடு வரிசை. சம்பந்தியம்மா, பக்கத்தில் விசில், அப்புறம் மகள், மாப்பிள்ளை. பின்வரிசை முழுக்க என் ஆட்கள்.

கப்பல் படம். இடைவேளை வரைக்கும் விசிலிடம் அப்படி ஒரு அடக்கம். பாப்கார்னைக்கூடச் சத்தம் வராமல் மென்றாள். இடைவேளைக்கு அப்புறம் இன்ஜின் ரூமில் குழாய் வெடித்து, திரை முழுக்க ஒரே ஸ்டீம். ஸ்பீக்கரில் வந்த சீறலிடம் நிஜம் தோற்றது. ஆவிக்கு நடுவே ஒருத்தன் கை மாட்டிக்கொண்டு துடிக்கிறான்.

விசிலுக்கு அது சினிமா என்பது மறந்துபோயிற்று. விரல் இரண்டும் வாய்க்குப் போனது. நடுங்கி, நீளமாக, ஆபத்து விசில்.

என் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பழக்கம்! பின்வரிசை மொத்தமும் திருப்பி அடித்தது. அசந்து தூங்கிக்கொண்டிருந்த பாய்லர்காரர் துள்ளி எழுந்து, இருட்டில் கையை நீட்டி, முன்னால் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலையைப் பிடித்து வலது பக்கமாக முறுக்கினார். "யோவ், தலைய்யா!" என்று அந்த ஆள் அலறினார். "மூடியாச்சு, மூடியாச்சு!" என்று இவர் கத்தினார். தியேட்டரே உருண்டு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நானும்தான் விசில் அடித்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

சம்பந்தியம்மா மடியில் குளிர்பானம் கொட்டிக் கிடந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கச்சேரிக்குப் பேர் குடுத்தது... இதுக்கா?" என்று கேட்டார்.

"இது வேற சம்பந்தியம்மா. அது பாட்டா வரும்" என்றாள் இவள், ஆசையாக.

அன்று சாயங்காலமே மகள் லாண்டரிக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. பேரை அவங்களே எடுத்துடுவாங்க."

"தொண்டைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

"மேடையில விசிலடிக்கிற பொம்பளையோட பொண்ணை எப்படி எடுக்கிறதுன்னு அத்தை கேக்கிறாங்கம்மா. கல்யாணமே நின்னுடும் போல இருக்கு. உனக்குப் புரியுதா இல்லையா?"

விசில் கையிலிருந்த போர்வையை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள், "வேணாம்னா என் மூஞ்சியைப் பார்த்து அவங்க சொல்லட்டும். பொய் சொல்லி நானே என் பேரை அடிக்க மாட்டேன்டி."

சம்பந்தியம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. சொல்லவே வந்தார். பாட்டுக் குழுவின் வெள்ளை அங்கிகள் எங்களிடம்தான் வெளுப்புக்கு வந்திருந்தன. அதை வாங்குகிற சாக்கில் பிரஸ் ரூம் வாசலில் வந்து நின்றார். அப்போது விசில் அவருடைய அங்கிக்குத்தான் கை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை" என்றார் சம்பந்தியம்மா. "நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம். பாட்டுன்னா பாட்டு. தெருவுல பசங்க அடிக்கிறதை எல்லாம் மேடையில ஏத்த முடியாது. நீங்க முன்வரிசையில வந்து உக்காருங்க, மரியாதையா கவனிச்சுக்கறேன்."

"உக்கார்றதுக்கு நான் பேர் குடுக்கலையே" என்றாள் விசில்.

"அப்போ பேரைக் கூப்பிட மாட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்ப அங்கியும் வெளியே போகாதும்மா" என்றேன். "என் பாய்லர் இல்லாம உங்க கச்சேரியில ஒரு மடிப்பு நேரா நிக்குமா? கசங்கின துணியோட போய்ப் பாடுங்க, பெரிய மனுஷங்க பார்க்கட்டும்."

விசில் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. துணி என்ன பண்ணுச்சு?" என்னைச் சும்மா இருக்கச் சொல்ல இந்த ஊரில் தைரியம் உள்ளவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தி என் வீட்டில் இருக்கிறாள்.

அங்கிகளை ஒவ்வொன்றாக மடித்து, காகிதம் சுற்றி, அவளே காரில் கொண்டுபோய் வைத்தாள். கதவைச் சாத்தும்போது, "நான் வருவேன் சம்பந்தியம்மா. அதைச் சொல்லிடறேன்" என்றாள்.

கச்சேரி அன்று ஹால் நிறைந்து வழிந்தது. வாசலில் நட்சத்திர விளக்கு, மேடை ஓரத்தில் ஜிகினா சுற்றின மரம். நானும் என் ஆட்களும் வலது பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தோம். பாய்லர்காரரைக் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மகள் மூன்றாவது வரிசையில், எங்கள் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். கீபோர்டும் பேர் அறிவிப்பும் மாப்பிள்ளை பொறுப்பு. குழந்தைகள் ஆடினார்கள். டாக்டர் ஒருவர் வயலின் வாசித்தார், வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். விசிலின் முறை வந்தது. மாப்பிள்ளை சீட்டைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், அடுத்த பேரைக் கூப்பிட்டான்.

விசில் எழுந்தாள். நல்ல கனத்த உடம்பு, மெதுவாகத்தான் நடப்பாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, படியேறி, மேடையில் நின்று சொன்னாள், "ஒரு பேரை விட்டுட்டீங்க மாப்பிள்ளை. என் பேரு."

சம்பந்தியம்மா திரைப்பக்கத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "இறங்குங்க" என்றார். இவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. உதட்டைக் குவித்தாள்.

காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். வெறும் காற்று. உதடு காய்ந்துவிட்டது. பின்னால் யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். ஸ்டீமில் வேகாத ஆள் நான், அன்றைக்கு வெந்தேன்.

"இருங்க, உதடு காஞ்சிருக்கு" என்றாள் சபையைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல. பாட்டுக் குழுவின் மேசையில் சம்பந்தியம்மாவுக்கென்று வைத்திருந்த வெந்நீர் டம்ளரை எடுத்தாள். நிதானமாக ஒரு வாய் குடித்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அப்புறம் வந்தது. அந்தக் குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டு. பிரஸ் ரூமில் இரைச்சலுக்கு நடுவே கேட்டுப் பழகின எனக்கு, அமைதியில் அதை ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேலே போய் ஒரு இடத்தில் நிற்கும், பிறகு இறங்க மனசில்லாமல் இறங்கும். முதல் அடி முடிந்ததும் கீபோர்டு மெல்லச் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை தாயைப் பார்க்கவில்லை, தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர்கூட வயலினை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும் என் ஆட்கள் விட்ட விசிலில் மரத்து ஜிகினா ஆடியது. நாற்காலியில் இருந்தவர்கள் பாதிப்பேர் கை தட்டினார்கள், பாதிப்பேர் தட்டவில்லை. தட்டாதவர்கள் முகங்களை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வெளியே வாசலில் சம்பந்தியம்மா வழிமறித்தார். அவர் அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை.

"சொன்னதைக் கேக்கலை நீங்க. என் மேடையில, என் டம்ளரை எடுத்துக் குடிச்சு, இத்தனை பேர் முன்னாடி... இனிமே ரெண்டு வீடும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?"

"உங்க வீட்டுக்கு என் பொண்ணுதான் வரா. நான் வரலை" என்றாள் விசில். "என் வாய் என் வீட்டுலயே இருக்கும். டம்ளருக்கு மன்னிச்சுக்குங்க, தாகம். பாட்டுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"அப்போ இந்தச் சம்பந்தத்தை நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

விசில் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பயந்துதான் பார்த்தாள், அதையும் எழுதத்தான் வேண்டும். அதற்காக ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மகள் அதுவரை தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நடந்து வந்து அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றாள்.

"யோசிக்கிறதுன்னா முழுசா தெரிஞ்சுக்கிட்டு யோசிங்க அத்தை" என்றாள். "எனக்கும் அடிக்கத் தெரியும். தள்ளுவண்டியில உக்காந்தே கத்துக்கிட்டது. இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் மறைக்கிறதா இல்லை."

சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். அவன் கீபோர்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்மா" என்றான். "அவ விசிலடிச்சுக் கூப்பிட்டுத்தான் நான் முதல்ல திரும்பிப் பார்த்தேன்."