வாட்ச்சைக் கழற்றச் சொன்னவர்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு கைக்கடிகாரம் கிடக்கிறது. மாமனார் கட்டித் தேய்ந்து என்னிடம் வந்தது. இருட்டில் முட்கள் பச்சையாக மினுங்கும். பழவேற்காட்டுப் படகுத்துறையில் அந்தப் பேராசிரியர் அம்மாள் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதைப் பற்றித்தான். வணக்கம் சொன்னேன், பதில் வணக்கம் இல்லை. "மினுங்குற வாட்ச்சைக் கழட்டிட்டு ஏறுங்க" என்றார். சில பழைய கடிகாரங்களில் அந்த மினுக்கத்துக்காக டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசியிருப்பார்களாம். அந்த அம்மாள் ஏரித் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்ததும் அதே டிரிட்டியம்தான். தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கடிகாரத்திலிருந்து துளி கசிந்தாலும் அவர் எடுக்கும் தண்ணீர் பாழ். கழற்றிப் பைக்குள் போட்டேன். பையையும் கரையிலேயே விடச் சொன்னார்.

எனக்கு ஆள் பிடிக்கிற உத்தியோகம். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வேண்டியவர்களைத் தேடிப் பேசிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வருஷக்கணக்கில் இதே பிழைப்பு; பல்லைக் காட்டிக் காட்டித் தாடையே வலித்துவிட்டது. டிரிட்டியத்துக்கென்று தனி ஆய்வகம் கட்டி முடித்துவிட்டார்கள், தலைமைக்குத்தான் ஆள் இல்லை. யாரைக் கேட்டாலும் பல்கலைக்கழகத்தில் இருந்த இவரைத்தான் கைகாட்டினார்கள். கடிதத்துக்குப் பதில் போட மாட்டார், தொலைபேசியை எடுக்க மாட்டார். சனிக்கிழமைகளில் ஏரியில் இருப்பார் என்று கேள்விப்பட்டு, பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நின்றேன்.

அந்த ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பேராசிரியரும் அதற்குக் கட்டுப்பட்டவர். அன்றைக்கு யார் பாடோ அவர் படகில்தான் ஏறுவார். தண்ணீரில் என்ன இருந்தது என்று அந்தப் படகுக்காரருக்கும் ஊருக்கும்தான் முதலில் சொல்வார். கட்டுரை, கருத்தரங்கு எல்லாம் அப்புறம். ஏன் இப்படி என்று கேட்டேன். "அவங்க முறையில எடுத்த தண்ணி சார். அவங்களுக்குச் சொல்லாம நான் வெச்சிருந்தா அது திருட்டு" என்றார்.

மூன்று சனிக்கிழமை அலைந்தேன். வரக்கூடாது என்ற பிடிவாதமெல்லாம் அவருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய கருவி. அதில் முறை கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போயிருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: ஏரியைப் பற்றிய முடிவு எதுவானாலும் ஊருக்கு முதலில் சொல்லலாம் என்று எழுதித் தர வேண்டும். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். "பார்த்துக்கலாம்" என்றார். எங்கள் அலுவலகத்தில் பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மூன்றாவது சனிக்கிழமை படகில் உட்கார்ந்துகொண்டு, படகுக்காரர் காதிலும் விழும்படியே சொன்னேன்: "சரின்னுட்டாங்க மேடம். எழுத்து பின்னால வரும்." சீட்டு விழுந்தால் காகிதமே இல்லாமல் ஊரே கட்டுப்படுகிற இடத்தில் பழகியவர். நம்பி வந்து வேலையில் சேர்ந்துவிட்டார்.

ஆய்வகத்தில் வந்த முதல் முடிவு நல்ல முடிவு. பயப்பட ஒன்றுமில்லை, மழைத் தண்ணீரில் இருக்கிற அளவுதான். ஊருக்குச் சொல்லலாமா என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். அனுமதி வேண்டும் என்றார்கள். கோப்பு ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்தது. அதற்குள் ஏரித் தண்ணீரைப் பெரிய ஆய்வகத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம் என்ற பேச்சு வாய்க்கு வாய் மாறி, ஏரியில் விஷம் என்றாகிவிட்டது. வியாபாரிகள் பழவேற்காட்டு இறாலே வேண்டாம் என்றார்கள். ஒருநாள் அந்தப் படகுக்காரர் மனைவியோடு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னா டீச்சரம்மா கீது தண்ணில? மொதல்ல எங்களாண்டதான சொல்றேன்னீங்க?"

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "சரின்னுட்டாங்கன்னீங்களே, யாரு சொன்னா?" என்று கேட்டார், குரலை உயர்த்தவே இல்லை. பிறகு யார் அனுமதியும் கேட்காமல் அவர்களோடு அதே பஸ்ஸில் போய், மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாயங்காலம் ராஜினாமா வந்தது. அதில் என் பெயர் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வியாபாரம் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. அவர் சொன்னதைத்தான் ஊர் நம்பவில்லை. "ஒண்ணும் இல்லாததுக்கா இத்தினி நாளு மூடி வெச்சீங்க?" என்று படகுக்காரரின் மனைவி அன்றைக்கே கேட்டாராம். அது என் பொய்க்கு வந்த கேள்வி, நின்று கேட்டுக்கொண்டவர் அவர்.

தலைமை நாற்காலி மறுபடி காலி, மறுபடி ஆள் பிடி என்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன், வேலைக்குக் கூப்பிட அல்ல, மன்னிப்புக் கேட்க. காலி பாட்டில் கூடையோடு துறையில் நின்றிருந்தார். நாலைந்து மாதமாக இப்படித்தான் வந்து நிற்கிறாராம். நான் வாய் திறக்குமுன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். பழக்கதோஷம், வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுப் பையைக் கரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்குப் பாடு அதே படகுக்காரருடையது. வலையை ஏற்றினார், எங்களை ஒருதரம் பார்த்தார், படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

படகு சின்னதாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் கூடையைக் கையில் எடுத்தார். "வாட்ச்சைக் கட்டிக்குங்க சார்" என்றார்.

கட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அது இழுப்பறையில்தான் கிடக்கிறது.