முந்திரிக்காட்டில் அழுத பேய்

என் சித்தப்பா ஒரு பேய் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். டிப்ளமா படித்துவிட்டு, சிமெண்ட் ஆலை வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த காலம் அது. காத்திருக்கிற மனுஷர் சும்மா காத்திருந்தாலாவது வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். அவரோ செல்போனில் அத்தியாயம் அத்தியாயமாகத் தட்டி, கதை படிக்கிற ஆப் ஒன்றில் போட்டுக்கொண்டிருந்தார். கதாநாயகன் ஊர் ஊராகப் போய்ப் பேயைத் தேடுகிறவன். எப்போதும் கறுப்புக் கோட்டு போட்டிருப்பான். ஜெயங்கொண்டத்து வெயிலில் கோட்டு போட்டால் பேய் வருவதற்கு முன்னால் மயக்கம் வந்துவிடும் என்று அம்மா சொன்னாள். சித்தப்பா அதை விமர்சனமாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவார். "பயமா இருக்கா பாப்பா?" என்று கேட்பார். இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்து படிப்பார். ஆமாம் என்றால் எந்த இடத்தில், எவ்வளவு, ஏன் என்று குடைவார். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு எனக்கு இப்படித்தான் பாழாய்ப் போனது.

இந்தக் கஷ்டம் போதாதென்று, ஒரு வாசகர் கதைக்குக் கீழே, பேயை நேரில் பார்க்காதவர் எழுதியது போலிருக்கிறது என்று குறை எழுதிவிட்டார். சித்தப்பாவுக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மூன்றாவது வேளை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இனி நேரடி ஆராய்ச்சிதான் என்று அறிவித்தார். அதற்கென்றே வந்தது போல ஒரு சேதியும் வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்து முந்திரிக்காட்டில் உச்சிவெயில் நேரத்தில் ஒரு பொம்பளை அழுகிற சத்தம் கேட்கிறது என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்துப் பேய்களுக்கு ராத்திரியை விட மத்தியானம்தான் தோது. கொட்டை பொறுக்கி முடிந்து காடு காலியாகக் கிடந்ததால் எல்லோரும் அதை உடனே நம்பினார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் அத்தையும் இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. செந்துறையில் கட்டிக்கொடுத்திருந்தது. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டாள். என்ன தகராறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா மட்டும் தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"உன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும். நாளைக்கே ஆளுங்களோட செந்துறைக்குப் போயி உறவையே அத்து விட்டுட்டு வந்துடறேன்."

"எனக்கு என்னண்ணா, நல்லாத்தான் இருக்கேன். அவரே வந்து கூப்புடுவாரு," என்று அத்தை சிரிப்பாள். அப்பா சொன்னால் செய்கிறவர். அது அத்தைக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

வீட்டில் எந்த நேரமும் ஆட்கள். வாசலில் கொட்டை காய்ந்துகொண்டிருக்கும், கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து பருப்பு பிரித்துக்கொண்டிருப்பார்கள், எந்த அறைக்குள் போனாலும் யாராவது படுத்திருப்பார்கள். அத்தை மத்தியானமானால் கயிற்றை எடுத்துக்கொண்டு சுள்ளி பொறுக்கக் கிளம்பிவிடுவாள். "கேஸ் அடுப்பு இருக்கையில இந்த வெயில்ல விறகுக்கு என்ன அவசரம்?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நாலு குச்சிக்கு மேல் அத்தை கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக்கு என்னையும் கூட்டிப் போகச் சொன்னது அம்மாதான். "பாம்பு கீம்பு கடிச்சா வந்து சொல்றதுக்காவது ஒரு ஆள் வேணும்," என்றாள். அப்படித்தான் வாய்த்தது எனக்கு இந்த உத்தியோகம். சித்தப்பா பட்டப்பகலில் டார்ச் லைட் எடுத்துக்கொண்டார். திசை பார்க்கிற கருவி ஒன்று வைத்திருந்தார். அது எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரம்பலூரையே காட்டியது. எனக்குக் குடை உண்டு, ஆனால் அது எனக்கில்லை. செல்போன் சூடாகாமல் அதற்குப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் தப்பான பக்கமாக நுழைந்து எறும்புக் கடி வாங்கியதுதான் மிச்சம். இரண்டாம் நாள் ஏரிக்கரையைச் சுற்றிப் போனோம். முந்திரி மரங்கள் கிளையைத் தரையில் சாய்த்துக்கொண்டு நிற்கும். குனிந்து உள்ளே போனால் அந்த வெயிலிலும் இருட்டு. அழுகிப்போன பழங்களின் வாடை மூக்கை அடைத்தது. சித்தப்பா என்னை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டார்.

அப்போது நிஜமாகவே கேட்டது. முதலில் விக்கல் போல. பிறகு அழுகை. வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு, அதையும் மீறி வருகிற அழுகை. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி இருந்ததை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பேயின் குரலைப் போட்டுக் காட்டுகிற ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

சித்தப்பா என்னை அசையாதே என்று சைகை காட்டிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அப்படியே பின்பக்கமாகத் தவழ்ந்து வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. என் வாயைப் பொத்தி, கையைப் பிடித்து, சருகுச் சத்தம்கூடக் கேட்காமல் கரைக்கு இழுத்து வந்தார். அங்கே நின்று போனை எடுத்துப் பதிவை அழித்தார்.

"ஏன் சித்தப்பா அழிச்சீங்க?"

"சரியா விழல பாப்பா."

விழுந்திருந்தது. எனக்கே அவ்வளவு தூரம் கேட்டது போனுக்குக் கேட்காதா? வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பேய்க்காக இல்லை, பதிவுக்காக.

அன்று சாப்பாட்டில் அவர் விட்ட கதை, நாவலில் ஒரு நாளும் எழுதாத கதை. தலைவிரி கோலமாம், கால் தரையில் படவில்லையாம், பார்த்ததும் தனக்குக் காய்ச்சலே வந்துவிட்டதாம். அப்பா சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். "இவன் ஊரெல்லாம் போயி பேய் புடிக்கிற கதை எழுதுறானாம். நெசப் பேயப் பாத்தா கழிஞ்சுடுவான் போலருக்கு," என்றார். பருப்பு பிரிக்கிற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். சித்தப்பா கோபப்படவே இல்லை.

"சிரிங்க. ஆனா அந்தப் பக்கம் மட்டும் யாரும் போயிடாதீங்க. ஆடு மாடு கூட ஓட்டாதீங்க," என்றார்.

அத்தை அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். "பக்கத்துல போயி பாத்தியாடா?" என்று கேட்டாள்.

"பாத்தேங்க்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரும் தொந்தரவு பண்ண வேணாம்."

அத்தை சட்டியில் மிச்சமிருந்த ஒரே முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். எனக்கென்று பார்த்து வைத்திருந்த முட்டை. பயந்தாங்கொள்ளிக்கு முட்டை, வெயிலில் குடை பிடித்தவளுக்கு வெறும் குழம்பு. என்ன நியாயம் இது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு சித்தப்பா எழுதவே இல்லை. மத்தியானமானால் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் வருகிறவர்களையெல்லாம் பேயைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அடுத்த அத்தியாயம் எங்கே என்று வாசகர்கள் திட்டினார்கள். ஊரில் சின்னப் பையன்கள்கூட அவரைப் பார்த்தால் கால் தரையில் படாமல் நடந்து காட்டினார்கள். அத்தை மட்டும் கயிற்றோடு அதே பக்கம் போனாள். "அத்தையப் பேய் புடிக்காதா?" என்று கேட்டேன். "அத்தைய அது ஒண்ணும் பண்ணாது," என்றார். ஊருக்கொரு நியாயம், அத்தைக்கொரு நியாயம்.

லீவு முடிகிற சமயத்தில் செந்துறையிலிருந்து மாமா வந்தார். அப்பாவிடம் நெடுநேரம் தலைகுனிந்து பேசினார். மறுநாள் காலை எல்லோரும் பஸ் ஏற்றிவிடப் போனோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தபடி கையசைத்தாள். பஸ் நகர்ந்ததும் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியா, இத்தன நாள்ல ஒரு சொட்டுக் கண்ணீரு விடல. எங்க வூட்டுப் பொண்ணு," என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது சித்தப்பா என்னோடு பின்தங்கி நடந்தார்.

"இனிமே நீ முந்திரிக்காட்டுல போயி விளையாடலாம் பாப்பா. பேயி போயிடுச்சு."

"எப்பப் போச்சு?"

"இன்னைக்குத்தான்."

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கதைக்கு வைத்திருந்த பேய் கைவிட்டுப் போய்விட்டதே என்று மனுஷருக்கு இவ்வளவு வருத்தம் என்று நினைத்தேன். என் பதிவை அழித்ததற்கு நன்றாக வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டு, அவரை விட்டுவிட்டு வேகமாக நடந்தேன்.