இடாப்பில் இருந்த பிள்ளைகள்

பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களுக்கு இனி நிதி ஒதுக்காமல் மூடிவிடுவது என்று மாகாணத்தில் முடிவாகியிருந்தது. வலயக் கல்வி அலுவலகத்தில், எவற்றை முதலில் மூடுவது என்ற முன்னுரிமைப் பட்டியல் தயாரித்தவள் நான். வாவிக்கு மேற்கே ஒரு வயல் வட்டைக்கு நடுவிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் தொகையைச் சரிபார்க்கப் போனேன்.

பள்ளி அதிபர் வரவு இடாப்பை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும், "வந்திருக்கன் சேர்!" என்று குரல் வந்தது. நிமிர்ந்தேன். பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. ஊரைவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் இருக்கிற பிள்ளைகளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடிப்போடாதீங்க மிஸ், இதுகள் எங்க போகும்?" என்றார் அதிபர்.

நான் தலைகளை எண்ணி உண்மையை எழுதினேன். பெரிய நேர்மைக்காரி! பள்ளிக்கூடத்தை மூடினார்கள்.

அடுத்த வருடம், அவர்களைச் சேர்க்கச் சொன்ன தூரத்துப் பள்ளிக்கூடத்தின் இடாப்பைப் புரட்டினேன். அன்று வாங்குகளில் உண்மையாகவே இருந்த பிள்ளைகளில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. காதுக்குள் மட்டும் கேட்கிறது: "வந்திருக்கன் சேர்!"